ஆள் மாறுவாரா, மாட்டாரா? குணம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆளுமை ஆராய்ச்சிகளை விடாமல் வாசிக்கிற பழக்கம் எனக்கு உண்டு என்று தெரிந்தவர்கள், பேச்சை எங்கே ஆரம்பித்தாலும் கடைசியில் ஒரே இடத்தில்தான் கொண்டுவந்து நிறுத்துவார்கள். அவர்கள் கேட்டதையும் நான் சொன்னதையும், சொல்ல விட்டுப்போனதையும் இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன்.

ஒரே வரியில் சொல்லுங்கள், குணம் மாறுமா மாறாதா?

மெதுவாக மாறும், ஆனால் பக்கத்தில் இருப்பவர்களும் கூடவே மாறிக்கொண்டிருப்பதால் நம் கண்ணில் படாது.

இது போதாது என்று எனக்கே தெரியும். "மாறுமா" என்ற ஒரு சொல்லுக்குள் மூன்று கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. நேற்று நடந்துகொண்ட மாதிரியே இன்றும் நடந்துகொள்வாரா என்பது ஒன்று. இருபது வயதில் இருந்ததைவிட நாற்பதில் பொறுப்பு கூடியிருக்குமா என்பது இன்னொன்று. தன் வயதுக்காரர்களுக்கு நடுவில் அன்றைக்கு எந்த இடத்தில் நின்றாரோ அதே இடத்தில்தான் இன்றைக்கும் நிற்கிறாரா என்பது மூன்றாவது. மூன்றுக்கும் பதில் வேறு வேறு. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்று ஒருவரும், காலம் எல்லாரையும் மாற்றும் என்று இன்னொருவரும் மல்லுக்கு நிற்கும்போது, பெரும்பாலும் இரண்டு பேரும் ஆளுக்கொரு கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

குணம் என்று எதைச் சொல்கிறீர்கள்? கோபம் குணமா, மூடா?

இன்று காலையிலிருந்து சிடுசிடுவென்று இருந்தால் அது மூட். பத்து வருஷமாகவே சின்ன விஷயத்துக்கும் சட்டென்று சிடுசிடுக்கிற ஆள் என்றால் அது குணம். ஆராய்ச்சியாளர்கள் பெரும்பாலும் ஐந்து பெரிய குணங்களை வைத்துப் பேசுகிறார்கள்: கலகலப்பு, இணக்கம், பொறுப்புணர்வு, மனப்பதற்றம், புதியதில் நாட்டம். இவை "இருக்கிறது, இல்லை" என்று போட்டு அணைக்கிற சுவிட்ச் கிடையாது. ஏறி இறங்குகிற அளவுகள், நம்மில் முக்கால்வாசிப் பேர் நடுவில்தான் எங்கேயோ இருப்போம். சிகரெட்டை விட்டது, கடவுள் நம்பிக்கை வந்தது, அரசியல் நிலைப்பாடு மாறியது, இதெல்லாம் பெரிய மாற்றங்களாகவே இருக்கலாம், ஆனால் அவற்றை இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை.

மாறியிருக்கிறாரா இல்லையா என்று எப்படி அளக்கிறார்கள்?

பள்ளிக்கூடத்தில் காலை பிரேயருக்கு உயரப்படி நிற்க வைப்பார்களே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். ஆறாம் வகுப்பில் முன்னால் நின்ற பொடியன் பத்தாம் வகுப்புக்கு வரும்போது ஒரு முழம் வளர்ந்திருப்பான். ஆனால் வரிசையில் அநேகமாக இன்னும் முன்னால்தான் நிற்பான், ஏனென்றால் மற்றவர்களும் சும்மா இருக்கவில்லை. நடுவில் யாராவது ஒருத்தன் கோடை விடுமுறையில் திடீரென்று வளர்ந்து நாலு இடம் பின்னால் போவான், அவ்வளவுதான் வரிசை கலையும்.

குணமும் இப்படித்தான் இரண்டு விதமாக அளக்கப்படுகிறது. எல்லாரும் சேர்ந்து எவ்வளவு வளர்ந்தார்கள் என்பது சராசரி மாற்றம். வரிசை எவ்வளவு கலைந்தது என்பது தனிக்கணக்கு. சராசரி எக்கச்சக்கமாக மாறியும் வரிசை அசையாமல் இருக்க முடியும். சராசரி அசையாமல் உள்ளே வரிசை தலைகீழாகப் போகவும் முடியும். இதைப் பிடித்துக்கொண்டால் இந்தத் துறையில் வருகிற செய்திகளில் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

சரி, அந்த வரிசை எவ்வளவு கலைகிறது?

இதில் பலரும் திரும்பத் திரும்ப எடுத்துக்காட்டுவது 2000-இல் பிரென்ட் ராபர்ட்ஸும் வெண்டி டெல்வெக்கியோவும் வெளியிட்ட தொகுப்பாய்வு. ஒரே ஆட்களைப் பல வருஷம் தொடர்ந்து பார்த்த 152 ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்குப் போட்டார்கள். சுமார் ஏழு வருஷ இடைவெளியில் இரண்டு முறை அளந்தால் கிடைக்கிற ஒட்டுறவு குழந்தைப் பருவத்தில் 0.31, கல்லூரி வயதில் 0.54, முப்பதை ஒட்டி 0.64, ஐம்பதிலிருந்து எழுபதுக்குள் 0.74. (வரிசை துளியும் கலையாவிட்டால் 1, முழுக்கக் கலைந்துவிட்டால் 0.)

எண்ணை மட்டும் சொன்னால் மண்டையில் நிற்காது. அதனால் இப்படிப் பாருங்கள்: இரண்டு பேரை எடுத்துக்கொண்டு, இதில் யார் அதிகக் கலகலப்பு என்று இன்று குறித்து வைக்கிறீர்கள். ஏழு வருஷம் கழித்துப் பார்க்கும்போது அதே ஆளே அதிகக் கலகலப்பாக இருக்க 0.31 என்றால் நூற்றுக்கு 60 வாய்ப்பு, 0.74 என்றால் 76. நாணயம் சுண்டினாலே 50 வந்துவிடும், ஞாபகம் இருக்கட்டும். ஐம்பது வயதுக்காரர்களிடம்கூட நாலில் ஒரு ஜோடி இடம் மாறிவிடுகிறது. "அவன் மாறவே மாட்டான்" என்று அடித்துச் சொல்கிறவர்களுக்கு இந்த நாலில் ஒன்றைக் காட்டுவேன். "மனுஷனை நம்ப முடியாது, இன்றைக்கு ஒன்று நாளைக்கு ஒன்று" என்கிறவர்களுக்கு மீதி மூன்றைக் காட்டுவேன்.

முப்பது வயதுக்கு மேல் ஒன்றும் மாறாது என்கிறார்களே?

அந்த நம்பிக்கைக்கு ஒரு பெரிய மனிதரின் ஆதரவு உண்டு. அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் 1890-இல், பெரும்பாலானவர்களுக்கு முப்பது வயதுக்குள் குணம் சாந்து மாதிரி இறுகிவிடும், அப்புறம் இளகாது என்று எழுதினார். ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்பதற்குக் கொஞ்சம் தாராளமான வடிவம்.

தகவல்கள் வேறு மாதிரி இருக்கின்றன. ராபர்ட்ஸ் குழு 2006-இல் 92 மாதிரிகளை வைத்துச் செய்த இன்னொரு தொகுப்பாய்வில், இருபதிலிருந்து நாற்பது வரை பொறுப்புணர்வும் மன நிதானமும் தன்னம்பிக்கையும் சராசரியாக ஏறிக்கொண்டே போனதாகத் தெரிந்தது. இணக்கம் அதற்கும் அப்புறம் ஏறுகிறது. மாற்றம் வேகமாக நடப்பது பதின்பருவத்தில் என்றுதான் நாம் நினைக்கிறோம், உண்மையில் இருபதுகளில்தான் அதிகம். முதல் வேலை, முதல் வாடகை, முதன்முதலாக இன்னொருத்தருக்குப் பதில் சொல்ல வேண்டிய நிலைமை எல்லாம் ஒன்றாக வந்து இறங்குகிற வயது.

ஜேம்ஸ் முழுக்கத் தப்பு என்றும் சொல்ல மாட்டேன். வரிசை இறுகுவது உண்மை. 2022-இல் வந்த இன்னும் பெரிய தொகுப்பு, அந்த இறுக்கம் இருபத்தைந்து வயதை ஒட்டியே அடங்கிவிடுகிறது, அதற்கு மேல் பெரிதாகக் கூடுவதில்லை என்கிறது. இறுகுகிறது, ஆனால் ஒருபோதும் கல்லாகிவிடுவதில்லை.

குழந்தையைப் பார்த்தே பிற்காலத்தைச் சொல்லிவிடலாமா?

நிழலைப் பார்க்கலாம், உருவத்தைப் பார்க்க முடியாது.

நியூசிலாந்தின் டுனெடின் நகரில் 1972-73-இல் பிறந்த 1,037 குழந்தைகளை இன்றுவரை தொடர்ந்து வருகிறார்கள். மூன்று வயதில் பழக்கமில்லாத ஒருவர் ஒவ்வொரு குழந்தையோடும் சுமார் ஒன்றரை மணி நேரம் இருந்து, எப்படி நடந்துகொள்கிறது என்று குறித்தார். ஓரிடத்தில் உட்காராமல், சட்டென்று வெடித்து அழுத குழந்தைகள் 26 வயதிலும் சராசரியாக அதிக எரிச்சலும் மனவுளைச்சலும் உள்ளவர்களாக இருந்தார்கள். ஒடுங்கி நின்ற குழந்தைகள் எதிலும் தயங்கித் தயங்கி இறங்குகிறவர்களாக வளர்ந்திருந்தார்கள். ஒன்றரை மணி நேரப் பார்வைக்கு இருபத்து மூன்று வருஷம் கழித்தும் தடயம் இருக்கிறது என்பது சாதாரண விஷயமில்லை.

ஆனால் இவையெல்லாம் குழுக்களின் சராசரி. உங்கள் வீட்டு வாண்டு நாளைக்கு என்ன ஆகும் என்று இதை வைத்து ஜாதகம் எழுத முடியாது. பெற்றோர்கள் குழந்தைக்கு மூன்று வயதிலேயே "இவள் கூச்ச சுபாவம்" என்று வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லி, அதையும் அந்தக் குழந்தை காதுபடச் சொல்வதுதான் எனக்குப் பிடிக்காது.

அறுபது வருஷத்தில் ஆளே மாறிவிடுவதாக ஒரு செய்தி வந்ததே, உண்மையா?

ஸ்காட்லாந்து ஆய்வைச் சொல்கிறீர்கள். 1950-இல், பதினான்கு வயதான 1,208 பிள்ளைகளை அவர்களுடைய ஆசிரியர்கள் தன்னம்பிக்கை, விடாமுயற்சி, பொறுப்பு முதலான ஆறு குணங்களில் மதிப்பிட்டார்கள். 2012-இல் அவர்களில் 174 பேர், வயது 77, அதே குணங்களில் தங்களைத் தாங்களே மதிப்பிட்டார்கள். நெருங்கிய ஒருவரும் அவர்களை மதிப்பிட்டார். 2016-இல் முடிவு வந்தது: இரண்டுக்கும் நடுவே தொடர்பு கிட்டத்தட்ட இல்லை.

செய்தி பரபரப்பாகத்தான் ஓடியது. எனக்கு அதில் ஒரு உறுத்தல் உண்டு. அன்று அளந்தது ஆசிரியரின் கண், இன்று அளந்தது தன் கண்ணும் உறவுக்காரர் கண்ணும். அளவுகோலே மாறிவிட்டால் துணி சுருங்கியதா நீண்டதா என்று யார் சொல்வது? அமெரிக்காவில் 1960-இல் பள்ளி மாணவர்களாகக் கேள்வித்தாளை நிரப்பியவர்களில் 1,795 பேரிடம் ஐம்பது வருஷம் கழித்து அதே கேள்விகளைக் கொடுத்தபோது, ஒட்டுறவு சராசரியாக 0.3 பக்கம் வந்தது. மங்கலான தொடர்ச்சிதான், ஆனால் சைபர் இல்லை. இரண்டில் நான் அதிகம் நம்புவது இதைத்தான். இடைவெளி நீள நீளத் தொடர்ச்சி தேய்கிறது என்பதில் மட்டும் இரண்டுமே ஒன்றுபடுகின்றன.

ஒரே ஆள் ஆபீஸில் ஒரு மாதிரி, வீட்டில் ஒரு மாதிரி இருக்கிறாரே? அப்புறம் எங்கே நிலையான குணம்?

இந்தத் துறையையே இரண்டு பட வைத்த கேள்வி இது. 1928-இல் ஹார்ட்ஷோர்ன், மே என்ற இருவர் ஆயிரக்கணக்கான பள்ளிப் பிள்ளைகளுக்கு ஏமாற்ற வசதியாகப் பல சந்தர்ப்பங்களை அமைத்துக்கொடுத்துப் பார்த்தார்கள். பரீட்சையில் காப்பி அடித்தவன் விளையாட்டில் பொய் சொல்வான் என்று நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. சராசரித் தொடர்பு வெறும் 0.23. நாற்பது வருஷம் கழித்து, 1968-இல், வால்டர் மிஷெல் அதுவரை வந்ததையெல்லாம் கூட்டிப் பார்த்து, குணத்தை அளக்கிற கேள்வித்தாளுக்கும் ஒரு தனி நிகழ்வில் ஒருவர் நடந்துகொள்வதற்கும் உள்ள தொடர்பு பெரும்பாலும் 0.3-ஐத் தாண்டுவதில்லை என்று எழுதினார். குணம் என்பதே பார்க்கிறவர் கண்ணில் இருக்கிறதோ என்ற அளவுக்குச் சண்டை முற்றியது.

முதல் பதில் 1979-இல் சீமோர் எப்ஸ்டீனிடமிருந்து வந்தது. ரொம்ப எளிமையான யோசனை: ஒரு நாளை வைத்து ஏன் முடிவு கட்டுகிறீர்கள்? ஒரு நாளை இன்னொரு நாளோடு ஒப்பிட்டால் தொடர்பு சொற்பம்தான். பல நாட்களின் சராசரியை வேறு பல நாட்களின் சராசரியோடு ஒப்பிட்டால் பல விஷயங்களில் 0.8 பக்கம் போய் நின்றது. ஒரு பந்தில் டக் அவுட் ஆனவரை வைத்து அவர் ஆட்டத்தை எடைபோடுவோமா? இருபது இன்னிங்ஸ் பார்ப்போம்.

இரண்டாவது பதில் மிஷெலும் யூயிச்சி ஷோடாவும் தாங்களே கண்டது, எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு கோடைக்கால முகாமில் பிள்ளைகளை ஆளுக்கு நூறு மணி நேரத்துக்கும் மேலாகக் கவனித்தார்கள், 1994-இல் வெளியிட்டார்கள். இரண்டு பையன்கள், மொத்தக் கணக்கில் கத்துவதும் திட்டுவதும் ஒரே அளவு என்று வையுங்கள். ஒருவன் சக பையன் சீண்டினால் பொங்குகிறான், பெரியவர்கள் கண்டித்தால் அடங்கிவிடுகிறான். இன்னொருவனுக்குப் பையன்கள் சீண்டினால் ஒன்றுமில்லை, பெரியவர் ஒரு சொல் சொன்னால் போதும், பொங்கிவிடுவான். இந்த "இப்படி நடந்தால் இப்படிச் செய்வான்" என்ற கணக்குதான் வாரத்துக்கு வாரம் மாறாமல் இருந்தது. ஆக, ஒருவரிடம் நிலையில்லாமல் இருப்பதாக நமக்குத் தோன்றுவதே அவருடைய நிலையான குணமாக இருக்கலாம்.

என்னுடன் வேலை பார்த்த ஒருவர் மீட்டிங்கில் வாயே திறக்க மாட்டார். மூலை நாற்காலியில் உட்கார்ந்து பேனா மூடியைத் திறப்பார், மூடுவார். ஒரு நாள் பஸ்ஸில் பின்சீட்டிலிருந்து யாரோ போனில் ஏற்ற இறக்கத்தோடு, நாலு பேர் குரலை மாற்றி மாற்றிப் பேசி, எதிர்முனையை விழுந்து விழுந்து சிரிக்க வைத்துக்கொண்டிருந்தார்கள். திரும்பிப் பார்த்தால் அவர்தான். அமைதியானவரா கலகலப்பானவரா என்று அன்றைக்கு ரொம்பக் குழம்பினேன். அப்புறம் வருஷக்கணக்கில் பார்த்ததில், புது ஆள் ஒருத்தர் அறையில் இருந்தால் மௌனம், எல்லாரும் பழகினவர்கள் என்றால் கச்சேரி, ஒரு தடவைகூட இது பிசகியதில்லை. எனக்குத் தெரிந்த மனிதர்களில் அவர்தான் ரொம்ப நிலையானவர்.

அப்படியென்றால் அதில் ஒன்று நடிப்பா?

இல்லை. வில்லியம் ஃப்ளீசன் 2001-இல் வெளியிட்ட ஆய்வில் ஆட்களிடம் ஒரே நாளில் பல தடவை, பல நாட்களுக்கு, இப்போது எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டார். ஒரே ஆளுக்குள் இருந்த ஏற்ற இறக்கம், ஆளுக்கு ஆள் உள்ள வித்தியாசத்துக்குச் சற்றும் குறைவில்லை. கூச்சக்காரரும் ஒரு வாரத்தில் பல தடவை வாயாடியாக இருக்கிறார். ஆனால் அவருடைய ஒரு வாரச் சராசரி அடுத்த வாரச் சராசரியோடு மிக நன்றாக ஒத்துப்போகிறது. அந்த இரண்டு முகமும் அவருடையதே.

இதெல்லாம் பிறவிக்குணம், மரபணு என்று சொல்லிவிடலாமே?

இரட்டையர் ஆய்வுகள், ஆட்களுக்கிடையே உள்ள வித்தியாசத்தில் ஏறக்குறைய 40 முதல் 50 விழுக்காடு மரபு சார்ந்தது என்று காட்டுகின்றன. கவனியுங்கள், வித்தியாசத்தில். உங்கள் கோபத்தில் பாதி தாத்தாவுடையது என்று இதற்கு அர்த்தமில்லை. இன்னொரு பங்கும் உண்டு: நாம் நம் குணத்துக்கு ஏற்ற வேலையையும் நண்பர்களையும் தேடிப் பிடிக்கிறோம், அவை அந்தக் குணத்தையே இன்னும் ஊட்டி வளர்க்கின்றன. எதையும் சரிபார்க்கிற சுபாவக்காரர் கணக்குத் தணிக்கை வேலைக்குப் போனால், இருபது வருஷத்தில் என்ன ஆவார் என்று யோசித்துப் பாருங்கள்.

கல்யாணம், வேலை, பெரிய இழப்பு எல்லாம் ஆளைப் புரட்டிப் போடாதா?

நாம் நினைக்கிற அளவுக்கு இல்லை. ஒரு நிகழ்ச்சி வாழ்க்கையைத் தலைகீழாக்கலாம், குணத்தைக் கொஞ்சம்தான் நகர்த்துகிறது. முதல் காதல் உறவு மனப்பதற்றத்தைச் சற்றுக் குறைப்பதும், வேலைக்குச் சேர்வது பொறுப்பைக் கூட்டுவதும் பல ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. ஜெர்மனியில் இளைஞர்கள் கட்டாய ராணுவ சேவைக்குப் பதில் சமூக சேவை செய்யலாம் என்று இருந்த காலத்தில் இரண்டு தரப்பையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ராணுவத்துக்குப் போனவர்களிடம் போவதற்கு முன்பே இணக்கம் சற்றுக் குறைவு, பயிற்சிக்குப் பிறகு வித்தியாசம் இன்னும் கூடியது, வருஷங்கள் ஆகியும் போகவில்லை. ஒரு நாள் நடந்த அதிர்ச்சியைவிட, தினமும் ஒரே மாதிரி நடக்கச் சொல்கிற இடம்தான் ஆளைச் செதுக்குகிறது என்பது என் அபிப்பிராயம்.

நானே முயன்று என் குணத்தை மாற்றிக்கொள்ள முடியுமா?

முடியும், ஓரளவுக்கு. 2017-இல் 207 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், சராசரியாக 24 வாரம் நடந்த மனநலச் சிகிச்சைகளில் மனப்பதற்றம் நன்றாகவே குறைந்திருந்தது. வயதோடு தானாக வரும் மாற்றத்துக்குப் பல வருஷம் ஆவதை வைத்துப் பார்த்தால், இது வேகம்தான்.

ஆசைப்பட்டால் மட்டும் போதாது. 2019-இல் கல்லூரி மாணவர்களைப் பதினைந்து வாரம் தொடர்ந்த ஒரு ஆய்வில், வாரா வாரம் சின்னச் சின்ன வேலைகளை ஏற்கச் சொன்னார்கள்: கடைக்காரரிடம் நலம் விசாரிப்பது, நாளைக்கு வேண்டியதை இன்றே எடுத்து வைப்பது போல. செய்து முடித்தவர்கள் மாறினார்கள். ஏற்றுக்கொண்டு செய்யாமல் விட்டவர்களிடம் மாற்றமில்லை. 2021-இல் சுமார் 1,500 பேரை வைத்து ஒரு மொபைல் ஆப் மூலம் மூன்று மாதம் நடந்த ஆய்விலும் மாற்றம் தெரிந்தது. ஒரு குணத்தைக் கூட்ட விரும்பியவர்களிடம் வந்த மாற்றத்தை வீட்டாரும் நண்பர்களும்கூடக் கவனித்தார்கள். குறைக்க விரும்பியவர்களிடம் வந்ததை மற்றவர்கள் அவ்வளவாகக் கவனிக்கவில்லை. உள்ளுக்குள் நீங்கள் எவ்வளவு நிதானமாகிவிட்டாலும், "நீ இன்னும் அதே டென்ஷன் பார்ட்டிதான்" என்று வீட்டில் சொன்னால் சோர்ந்துவிடாதீர்கள்.

எனக்கு நாற்பத்தைந்து ஆகிறது. மாற வேண்டியதெல்லாம் மாறியாயிற்று, இனி இப்படித்தானே?

இதைப் பதினெட்டு வயதுக்காரரும் சொல்கிறார், அறுபது வயதுக்காரரும் சொல்கிறார். குவோய்ட்பாக், கில்பர்ட், வில்சன் மூவரும் 2013-இல் வெளியிட்ட ஆய்வில் 19,000-க்கும் மேற்பட்டவர்களைக் கேட்டார்கள்: பாதிப் பேரிடம் கடந்த பத்து வருஷத்தில் எவ்வளவு மாறினீர்கள் என்று, மீதிப் பேரிடம் வரும் பத்து வருஷத்தில் எவ்வளவு மாறுவீர்கள் என்று. எல்லா வயதிலும், கடந்ததில் நிறைய மாறினேன், வரப்போவதில் கொஞ்சம்தான் என்றே பதில்.

நானும் விதிவிலக்கில்லை. பத்தொன்பது வயதில் எழுதிய டைரி ஒன்று என்னிடம் இருக்கிறது. அதில் ஒரு பக்கத்தில், சிவப்பு மையில், அடிக்கோடு போட்டு, "இதுதான் நான், இனி மாற்றமில்லை" என்று எழுதியிருக்கிறேன். அடுத்த பக்கத்தில் யாரை மன்னிக்கவே மாட்டேன் என்று ஒரு பட்டியல். ஏழு பேர். அதில் மூன்று பேர் யாரென்றே இப்போது ஞாபகமில்லை.

இணையத்தில் ஆட்களைப் பதினாறு வகையாகப் பிரித்து எழுத்துகளால் பெயரிடுகிற டெஸ்ட் எடுத்தேன், ஒவ்வொரு தடவையும் வேறு எழுத்து வருகிறது. நான் அவ்வளவு மாறுகிறேனா?

நீங்கள் மாறவில்லை, கோடு போட்ட இடம் தப்பு. நடுவில் இருக்கிறவரை இடம் அல்லது வலம் என்று வெட்டினால், 49 மதிப்பெண் 51 ஆனதும் வகையே மாறிப்போகும். பொழுதுபோக்குக்கு எடுங்கள்.

என் துணை மாறுவார் என்று காத்திருக்கலாமா?

இதற்கு ஆராய்ச்சி பதில் சொல்லாது, நான் என் கருத்தைச் சொல்கிறேன். வயது தானாகக் கொண்டுவரும் மாற்றம் உண்மைதான், ஆனால் அது வருஷக்கணக்கில் நடக்கிற விஷயம், அதுவும் சராசரியில். கடந்த ஐந்து வருஷத்தில் எந்தப் பக்கம் நகர்ந்திருக்கிறார் என்று பாருங்கள், அவர் கொடுக்கிற வாக்குறுதியைப் பார்க்காதீர்கள். அவருக்கே மாற வேண்டும் என்றிருந்து, அதற்காக இந்த வாரம் ஏதாவது செய்கிறார் என்றால் பேச்சு வேறு. எப்போது, எதற்கு வெடிக்கிறார் என்பதையும் கவனியுங்கள். குணத்தைவிட அந்தச் சந்தர்ப்பத்தை மாற்றுவது பல நேரம் சுலபம். கை நீட்டுகிறவர், மிரட்டுகிறவர் என்றால் இந்தப் பதில் எதுவும் பொருந்தாது, முதலில் உங்கள் பாதுகாப்பைப் பாருங்கள்.

வயதான அப்பாவின் குணம் சில மாதத்திலேயே அடியோடு மாறிவிட்டது. இதுவும் இயல்புதானா?

இல்லை, இது வேறு. மேலே சொன்னதெல்லாம் வருஷங்களில் அங்குலம் அங்குலமாக நகர்கிற மாற்றம். கண்ணியமாக இருந்தவர் திடீரென்று கூச்சமில்லாமல் பேசுவது, எல்லாரிடமும் பாசமாக இருந்தவர் எதிலும் ஒட்டாமல் போவது, சிக்கனக்காரர் கண்டபடி செலவழிப்பது, இவையெல்லாம் மறதி நோயின் தொடக்கமாக இருக்கலாம். மூளையின் முன்பகுதியைத் தாக்கும் வகையில் மறதிக்கு முன்பே குணம்தான் மாறும். தைராய்டு கோளாறு, மனச்சோர்வு, சின்னதாக வந்துபோன பக்கவாதம், புதிதாக ஆரம்பித்த மாத்திரை, இவையும் காரணமாக இருக்கலாம், இவற்றில் சிலவற்றைச் சரிசெய்ய முடியும். "வயசானா இப்படித்தான்" என்று தள்ளிப்போடாமல் நரம்பியல் மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். போகும்போது, எந்த மாதத்திலிருந்து, என்ன மாதிரி நடந்துகொண்டார் என்று நாலு சம்பவமாவது தேதியோடு எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். மருத்துவர் எதிரில் அவர் பழைய ஆளாகவே உட்கார்ந்திருப்பார்.